கலங்கிய நீரும் செய்மதிக் கண்ணும்

பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் நானு ஓயாவை உற்று நோக்கியிருக்கின்றீர்களா? பால் கலந்த தேநீரின் நிறத்தில் ஓடும் அந்நீர் நமது தேயிலைச் சரிவுகளின் மண்ணைச் சுமந்து செல்கின்றது. அது கொத்மலை ஓயாவிற் கலந்து மகாவலியைச் சேர்கின்றது. மண்ணில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களின் அடியிற் படிய, எஞ்சியது திருகோணமலையை அடுத்த கொட்டியாரக்குடாவரை செல்லக்கூடும். மலையின் கலக்கம் ஆழமற்ற கடலின் கலக்கமாகும்.

அக்கலக்கத்தை இன்று விண்ணிலிருந்தே படமாக்குகின்றனர். 2015ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-2 செய்மதிகள் இரண்டும், ஐந்து நாட்களுக்கொருமுறை ஓரிடத்தைப் படம்பிடிக்கும் வண்ணம் அமைக்கப்பட்டவை. பத்து மீற்றர் அளவான நிலப்பரப்பும் அப்படங்களில் ஒரு புள்ளியாகத் தெரியும். தெளிந்த நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ளும். மண் கலந்த நீரோ அதனைத் திருப்பியனுப்பும். பாசி மிகுந்த நீர் பச்சையொளியைக் கூடுதலாகக் காட்டும். இவ்வேறுபாடுகளைக் கணக்கிட்டே நீரின் தன்மையை அறிஞர் வரைபடமாக்குகின்றனர்.

ஆயினும் அக்கண்ணுக்கும் குறைகள் உண்டு. ஆழமற்ற நீரில் அடியிலுள்ள வெண்மணலும் கடற்புல்லும் தம் நிறத்தைக் காட்டி, நீரின் நிறம் எது, நிலத்தின் நிறம் எது என மயங்க வைக்கும். மழைக்காலத்தில், மண் மிகுதியாகக் கரைந்தோடும் அந்நாட்களிலேயே, முகில் திரையிட்டு மறைத்துவிடும். நோய்க் கிருமிகளோ நிறத்தில் தெரிவதில்லை. ஆதலின் லயத்துப் பீலி நீர் கண்ணாடிபோற் தெளிந்திருப்பினும், அதனைக் கொதிக்கவைத்தே அருந்துதல் வேண்டும்.

எனவே விண்ணின் கண்ணுக்கு மண்ணின் சான்று தேவையாகின்றது. 1865ஆம் ஆண்டில் இத்தாலியரான செக்கி என்பார், வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றிற் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். நீரின் தெளிவை அறிய அவ்வெளிய முறை இன்றும் கையாளப்படுகின்றது. மாணவர்களே! ஆசிரியரின் துணையோடு, பாதுகாப்பான இடத்தில் நின்று, உங்களூர் நீர்த்தேக்கத்தில் இதனைச் செய்து பாருங்கள். நாளையும் மழையையும் ஆழத்தையும் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். முகிலால் மறைக்கப்பட்ட நாட்களின் கதையை அக்குறிப்பேடு கூறும்.

எனினும் அளப்பது மட்டும் போதாது. இலங்கையில் மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. தூர்ந்த கானைச் செப்பனிடுவதும், வெறுமையான சரிவிற் புல் வளர்ப்பதும், கவ்வாத்து வெட்டிய கிளைகளை நிலத்திற் பரப்பி மண்ணை மூடுவதும் மலையில் நிகழவேண்டிய பணிகள். அவற்றிற்குரிய பொருளையும் நேரத்தையும் ஒதுக்குதல் தோட்ட நிருவாகத்தின் கடன். கண்டறியாத கடலோரத்து மீனவனுக்கும் நமக்கும் உறவு உண்டென்பதை ஆறு அறியும். நாமும் அறிதல் நன்று.