மங்கிலேயே தொடங்கும் தரம்

கூலிம், சுங்கை பட்டாணி பக்கம் பால் வெட்டும் நம்மவர்களுக்குத் 'தரம்' என்றால் ஏதோ ஆலைக்காரர் சமாச்சாரம் என்றுதான் தோன்றும். விஷயம் அப்படியல்ல.

முன்பு ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை ரப்பர் பெருகியது. சோதனைக் கணக்கோடு விற்பனைக்கு வந்த அந்தச் சரக்கோடு போட்டி போட வேண்டியே 1965-ல் மலேசியா 'எஸ்.எம்.ஆர்.' தர முறையைக் கொண்டுவந்தது. அழுக்கு, சாம்பல் எல்லாம் பரிசோதனைக் கூடத்தில் அளக்கப்பட்டன. இன்று எஸ்.எம்.ஆர். 10 என்றால் அழுக்கு 0.08 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது, எஸ்.எம்.ஆர். 20-க்கு 0.16.

அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது? மங்கில் விழுந்த பட்டை, இலை, மண். எடை கூட்டக் கட்டிப்பாலில் சேர்க்கும் மணல். ஆலையில் அதை நொறுக்கி, கழுவி எடுக்கத் தண்ணீரும் மின்சாரமும் ஆகிறது. கழுவக் கழுவச் செலவு ஏறும். தாய்லாந்தும் இந்தோனேசியாவும் இதேபோல் அளந்து தரமிட்ட ரப்பரை விற்கும்போது, ஏறிய செலவை வாங்குபவர் தலையில் கட்ட முடியுமா? ஆகவே, துடைத்த மங்குதான் மலிவான தரம்.

சரி, மங்கைத் துடைக்கிற நேரத்துக்குக் காசு யார் கொடுப்பது? எடைக்கு மட்டும் கூலி, சுத்தத்துக்கு ஒன்றுமில்லை என்றால் மணல் கலக்கிறவனுக்குத்தான் லாபம். ஒழுங்காக வெட்டுகிறவன் ஏமாளி. சுத்தமான பாலுக்குத் தனி விலை வேண்டும். அந்த விலையில் வெட்டுமரத்தில் நிற்கிறவர்களுக்கும் பங்கு வேண்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கும் முன் நம் மங்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.