விளக்கின் உள்ளேயும் கவனம் தேவை

தீபகற்ப மலேசியாவில் காலை ஏழு மணியளவில்தான் சூரியன் உதிக்கிறது. அதற்கு முன்பே பள்ளிக்குப் புறப்படும் மாணவர்களுக்குத் தெருவிளக்குகளே வழித்துணை. பேருந்து நிறுத்தத்தின் அருகே ஒரு விளக்கு அணைந்திருந்தாலும், சாலையைக் கடக்கும் மாணவர் வாகனமோட்டியின் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே, தெருவிளக்குப் பராமரிப்பு உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையது.

விளக்கு எரியாவிட்டால், "பல்பு போய்விட்டது" என்று பலரும் கூறுவர். எல்.இ.டி. தெருவிளக்குகளில் பெரும்பாலும் காரணம் அதுவன்று. ஒளி தரும் எல்.இ.டி. சில்லுகள் 50,000 மணி நேரத்திற்கு மேல் உழைக்கக்கூடியவை. நாள்தோறும் 12 மணி நேரம் எரிந்தாலும் அவை 11 ஆண்டுகளைக் கடக்கும். அவற்றுக்குச் சீரான மின்சாரம் வழங்கும் 'டிரைவர்' என்னும் கருவியே பல வேளைகளில் முதலில் பழுதடைகிறது.

இக்கருவிக்கு மூன்று பகைகள் உள்ளன. முதலாவது வெப்பம். விளக்கின் மேற்புறத்தில் தூசியும் பறவை எச்சமும் படிந்தால் வெப்பம் வெளியேறாது. டிரைவரில் உள்ள மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடும்போது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இரண்டாவது ஈரம். எரிந்து சூடான விளக்கின் மீது திடீரென மழை பெய்தால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தால், அவ்வழியே ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். மூன்றாவது மின்னல். அதனால் மின்கம்பிகளில் திடீரென உயரும் மின்னழுத்தத்தைத் தாங்குவதற்குத் தடுப்புக் கருவி உண்டு. அதுவும் காலப்போக்கில் வலுவிழக்கும்.

இம்மூன்றையும் முன்கூட்டியே தடுக்க முடியும். ஆனால், புகார் வந்த பின்னர் பழுதுபார்ப்பதே பல இடங்களில் வழக்கமாக உள்ளது. குறிப்பிட்ட கால இடைவெளியில் விளக்குகளைத் துப்புரவு செய்து, ரப்பர் வளையத்தையும் தடுப்புக் கருவியையும் சோதித்து மாற்றும் அட்டவணை ஒவ்வொரு நகராண்மைக் கழகத்திற்கும் தேவை. இதற்குச் செலவு அதிகமாகும் எனச் சிலர் கருதலாம். எனினும், சிறிய ரப்பர் வளையத்தை மாற்றத் தவறியதால் முழு விளக்கையும் மாற்ற நேர்வதே பெருஞ்செலவாகும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.

பொதுமக்களுக்கும் இதில் பங்குண்டு. மின்கம்பிகளைத் திருடுவோர் கம்பத்தின் அடியிலுள்ள சிறு கதவை உடைத்துச் செல்வதுண்டு. திறந்துகிடக்கும் அக்கதவின் வழியே மழைநீர் புகும். உள்ளிருக்கும் கம்பியைத் தொடுவோர் உயிரிழக்கவும் கூடும். அத்தகைய கம்பத்தைக் காணும் மாணவர்கள் அதை நெருங்கக்கூடாது. கம்பத்தின் எண்ணையும் இடத்தையும் குறித்துக்கொண்டு பெற்றோர் மூலம் உரிய தரப்பினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

புதிய விளக்குகளைப் பொருத்துவது பாராட்டத்தக்கதே. அவற்றின் உள்ளுறுப்புகளைக் காத்தால்தான் அந்த வெளிச்சம் நிலைக்கும். விடியுமுன் நடந்து செல்லும் மாணவர்களின் பாதையும் பாதுகாப்பாக அமையும்.