ரோஸ்பெர்க்கின் பட்டம் யாரும் போட்ட பிச்சை அல்ல

2016 அக்டோபர் 2. மலேசியாவின் செபாங்கில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த லூயிஸ் ஹாமில்டனின் மெர்சிடிஸ் எஞ்சின் தீப்பிடித்தது. இந்த வருடம் நான் ஜெயிப்பதை யாரோ, எதுவோ விரும்பவில்லை என்று பிறகு அவர் சொன்னார். வேதனையில் வந்த பேச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதையே பிடித்துக்கொண்டு, அதே அணியில் ஓட்டிய ‘நிக்கோ ரோஸ்பெர்க் அதிர்ஷ்டத்தில் சாம்பியன் ஆனவர்’ என்று இத்தனை வருடமாக ஓதிக்கொண்டிருப்பவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் கணக்கு எளியது. வருடக் கடைசியில் ரோஸ்பெர்க் 385 புள்ளிகள், ஹாமில்டன் 380. செபாங்கில் பறிபோன 25 புள்ளிகளைச் சேர்த்தால் முடிவு மாறும். மாறும்தான். ஆனால் அதே பந்தயத்தின் முதல் வளைவில் ஃபெராரி ஓட்டுநர் வெட்டல் வந்து இடித்ததில் ரோஸ்பெர்க் சுழன்று கடைசிக்குப் போனதும், அங்கிருந்து மூன்றாவதாக வந்ததும் இந்தக் கணக்கில் ஏன் வருவதே இல்லை?

சீனாவிலும் ரஷ்யாவிலும் தகுதிச்சுற்றில் ஹாமில்டனின் கார் பழுதானது என்பார்கள். சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் ரோஸ்பெர்க்கின் கியர்பாக்ஸும்தான் சிக்கியது.

இனி பாகு பந்தயத்துக்கு வருவோம். இதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அந்த ஜூன் மாதம் தகுதிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில் ஹாமில்டன் சுவரில் இடித்து சஸ்பென்ஷனை முறித்துக்கொண்டார். எஞ்சின் கைவிடவில்லை, எவரும் குறுக்கே வரவில்லை. கை அவருடையது, சுவர் அசையாமல் நின்றது. பத்தாவது இடத்திலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. பந்தயத்தின் நடுவே எஞ்சின் அமைப்பு ஒன்று தவறான நிலையில் மாட்டிக்கொண்டது. எந்தப் பொத்தானைத் திருப்ப வேண்டும் என்று ரேடியோவில் சொல்லித்தர அப்போதைய விதி அனுமதிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துப் பார்த்து அவர் பல சுற்றுகள் தடுமாறினார். ரோஸ்பெர்க்கின் காரிலும் அதே கோளாறு வந்தது, அவர் சீக்கிரமே சரிசெய்துவிட்டார். முடிவில் ரோஸ்பெர்க் முதலிடம், ஹாமில்டன் ஐந்தாவது, 10 புள்ளிகள். அன்று ஹாமில்டன் ஜெயித்திருக்கவே வேண்டாம். ரோஸ்பெர்க்குக்குப் பின்னால் இரண்டாவதாக வந்திருந்தால்கூட 18 புள்ளிகள், வருடக் கடைசியில் 388. பட்டம் அவருக்குத்தான். செபாங் எஞ்சினை விதியின் சதி என்பவர்கள் இந்த எட்டுப் புள்ளிகளை யார் தலையில் கட்டப்போகிறார்கள்?

அப்புறம் ஸ்டார்ட். அந்த வருடம் விதி மாறி, கிளட்சுக்கு ஒரே ஒரு பிடிதான் என்று ஆனது. காரைக் கிளப்புவது முன்னைவிட ஓட்டுநரின் விரல்களையே நம்பிய வேலை. சுஸுகா பந்தயத்தில் இரண்டாவது இடத்தில் நின்ற ஹாமில்டன் முதல் வளைவுக்குள் எட்டாவதாகச் சரிந்தார். தளம் ஈரமாக இருந்ததைக்கூட அவர் காரணம் காட்டவில்லை, தவறு தன்னுடையது என்றார். அவரே ஒப்புக்கொண்டதை ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்! அங்கே முதலிடத்தில் நின்று ஜெயித்தவர் ரோஸ்பெர்க். தகுதிச்சுற்றில் இருவருக்கும் இடையே 0.013 விநாடி. இப்படிப்பட்ட நூலிழை வித்தியாசத்துக்காக, எடை குறைய வேண்டும் என்று சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திக் கால் தசையைக் கரைத்த மனிதர் ரோஸ்பெர்க்.

எஞ்சின் வெடித்ததால் பட்டம் செல்லாது என்றால் 2008-ஐ என்ன செய்வது? ஹங்கேரியில் மூன்று சுற்றுகள் மிச்சமிருக்கையில் முதலிடத்தில் இருந்த ஃபெலிபே மாஸாவின் ஃபெராரி எஞ்சின் வெடித்தது. அந்த வருடம் மாஸாவை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் பெற்றவர் ஹாமில்டன். அவரை நான் அதிர்ஷ்ட சாம்பியன் என்று சொல்ல மாட்டேன்.

2016-இன் கடைசி நான்கு பந்தயங்களிலும் ரோஸ்பெர்க் பின்னால் ஒட்டிக்கொண்டு இரண்டாவதாகத்தானே வந்தார் என்று ஏளனம் வேறு. கடைசிப் பந்தயமான அபுதாபியை மறுபடி போட்டுப் பாருங்கள். வேகத்தைக் கூட்டு என்று அணி சொல்லியும் கேட்காமல், பின்னால் இருப்பவர்கள் ரோஸ்பெர்க்கை விழுங்கட்டும் என்று ஹாமில்டன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். புது டயரோடு வெட்டல் முட்டிக்கொண்டு வந்தார், அவருக்குப் பின்னால் வெர்ஸ்டாப்பன். இருவரும் தாண்டினால் பட்டம் போச்சு. நான்கு கார்களும் இரண்டே விநாடிக்குள் கோட்டைக் கடந்தன. இரண்டாவது கார் ரோஸ்பெர்க்குடையது.