கையறிவும் நூலறிவும்

மாணவர்களே, அம்பர்நாத்தில் ‘விம்கோ நாகா’ என்னும் இடத்தை அறியாதார் இலர். சென்னைத் திருவொற்றியூரிலும் ‘விம்கோ நகர்’ உண்டு. இரண்டு இடங்களுக்கும் பெயர் தந்தது ஒரே தீப்பெட்டி நிறுவனம். சுவீடன் நாட்டு முதலீட்டில் 1923ஆம் ஆண்டு தோன்றிய அந்நிறுவனம் இயந்திரங்களைக் கொண்டு தீக்குச்சிகளைச் செய்தது.

அதற்கு முந்தைய ஆண்டில், மழை குறைந்த சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தாவுக்குச் சென்றனர். தீப்பெட்டித் தொழில் நடைபெறும் இடத்திலேயே சில மாதங்கள் தங்கினர். கண்டும் கேட்டும் செய்தும் கற்றனர். ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். அவ்வறிவு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்று, சுற்றுவட்டாரம் எங்கும் பரவியது. விம்கோவின் இயந்திரங்களோடு சிவகாசியின் கைகள் போட்டியிட்டன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அறிவு நூல்களில் மட்டும் இல்லை. கையிலும் கண்ணிலும் செவியிலும் உள்ளது. கடைசல் இயந்திரத்தின் ஓசை மாறியவுடன் கருவி மழுங்கியதை உணர்கிறார் தொழிலாளியான தந்தை. மணத்தைக் கொண்டே மாவின் பதத்தை அறிகிறார் தாய். அத்தகையோரைச் சான்றிதழ் இல்லை என்பதற்காக ‘ஒன்றும் அறியாதவர்’ எனக் கருதுவது பெரும் பிழையாகும்.

அங்ஙனமாயின் பள்ளி எதற்கு என்று சிலர் வினவலாம். அதற்கும் சிவகாசியே விடை கூறுகிறது. அத்தொழிலில் பல சிறுவர் சிறுமியர் பள்ளியை இழந்தனர். தீப்பெட்டித் தொழிலில் 14 வயது நிறையாதோரைப் பணியில் அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. நாள்தோறும் ஆயிரமாயிரம் குச்சிகளை அடுக்கிய சிறுமிக்கு, அக்குச்சி ஏன் எரிகிறது என்பதை எவரும் கூறவில்லை. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசும் உள்ளன. உரசும்போது எழும் வெப்பத்தால் அவை வினைபுரிந்து தீ தோன்றுகிறது. இதனை அறிந்தவரே ஆபத்தைத் தவிர்க்கவும் புதியது படைக்கவும் இயலும். ‘எப்படி’ என்பதைக் கை கற்பிக்கும். ‘ஏன்’ என்பதை நூல் கற்பிக்கும். ஒன்று மட்டும் பெற்றவர் அறிவு பாதி அறிவே.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. நம் பெற்றோரின் கையறிவு தமிழ்ச் சொற்களில் உறைகிறது. ‘பதம்’ என்னும் ஒரு சொல்லில் ஒரு சமையலறையின் பட்டறிவே அடங்கியுள்ளது. தமிழை மறந்தால் அவ்வறிவைக் கேட்டறியும் வாயிலும் அடைபடும். ஆகவே, இன்றே உங்கள் பெற்றோரிடம் அவர்தம் வேலை ஒன்றை ‘எப்படிச் செய்கிறீர்கள்?’ என்று தமிழில் கேளுங்கள். ‘அது ஏன் அவ்வாறு நிகழ்கிறது?’ என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

சொல்லும் பொருளும்
கையறிவு – செய்து பெற்ற அறிவு
பதம் – பக்குவம்
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு

சிந்தித்து விடையளி
1. கையறிவுக்கும் நூலறிவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் கையறிவைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.