மூடிய சாளரம்

தோழா!

நட்புக்கு வடநாட்டுத் திரையுலகம் எழுப்பிய கோபுரம் 'ஷோலே'. ரமேஷ் சிப்பி இயக்க, சலீம்–ஜாவேத் எழுத, 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் வெளிவந்து, மும்பை மினர்வா அரங்கில் ஐந்தாண்டுக்கு மேல் ஓடிய படம். கொள்ளையன் கப்பர் சிங்கின் கூட்டம் துரத்துகிறது. இருபுறமும் ஒரே தலை கொண்ட நாணயத்தைச் சுண்டி, நண்பன் வீருவை அனுப்பிவிட்டு, சாவைத் தனக்கென எடுத்துக்கொள்கிறான் ஜெய். கண் கலங்காதார் யார்? கலங்கட்டும்! தியாகத்தைப் பழிக்க வரவில்லை நான். அதன் செலவுக் கணக்கைக் கேட்க வந்திருக்கிறேன்.

அந்தக் கணக்கில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. ராதா!

தாக்கூர் வீட்டு மருமகள். ஹோலித் திருநாளில் வண்ணம் வாரி இறைத்துச் சிரித்தவள். அவள் கணவனைக் கொன்றவன் கப்பர். ஆனால், அவளுக்கு வெள்ளைப் புடவை உடுத்திவிட்டவன் கப்பர் அல்லன். ஊரும் உறவும் போற்றிவரும் வழக்கம்!

அந்தியில் அவள் விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைப்பாள்; எதிரே அமர்ந்து ஜெய் மவுத்தார்கன் வாசிப்பான். பேச்சில்லாத காதல்! மாமனாரே அவள் தந்தையிடம் மறுமணம் பேசுகிறார், தந்தையும் இசைகிறார். அந்தக் காட்சியை எழுதிய கைக்கு வணக்கம்! பிறகு? மணமகன் மடிகிறான். சிதை எரிகிறது. ராதா சாளரத்தை மூடுகிறாள். வீருவுக்கோ, ஊர் நீங்கும் ரயிலில் பசந்தி காத்திருக்கிறாள்! கன்னிக்குக் கல்யாணம், கைம்பெண்ணுக்குக் கதவடைப்பு!

"கதை அப்படி" என்பார்கள். நாடகம் எழுதுபவன் சொல்கிறேன்: மேடையில் எவரும் தாமாகச் சாவதில்லை, எழுதுகோல்தான் கொல்கிறது. கையிழந்த தாக்கூர், ஆணி பதித்த காலணியால் கப்பரை மிதித்து வீழ்த்துவதை நம்பவைத்த எழுதுகோலுக்கு, ஒரு விதவையின் மணமாலையை நம்பவைக்கத் தெரியாதா? விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856இல். படம் வருவதற்கு 119 ஆண்டுகள் முன்பே!

முடிவை மாற்றவே முடியாது என்பதும் பொய். நெருக்கடிநிலைக் காலத் தணிக்கைக்குப் பணிந்து, தாக்கூர் கப்பரைக் கொல்லாமல் காவலர் தடுப்பதாக மாற்றினார்கள். தொடக்கத்தில் வரவேற்பு குறைந்தபோது, ஜெய்யைப் பிழைக்கவைக்கலாமா என்றும் ஆலோசித்தார்கள், வசூலை எண்ணி! 2025இல் இத்தாலியின் போலோனியா நகரில், தாக்கூர் பழிதீர்க்கும் பழைய முடிவை மீட்டுத் திரையிட்டார்கள். சட்டத்துக்காக ஒரு முடிவு. பழிக்காக ஒரு முடிவு. ராதாவுக்காக? எந்த முடிவிலும் அவள் சாளரம் மூடியே இருக்கிறது!

தோழா! ஜெய்யின் நட்பைப் போற்று. நண்பன் தோள்மீது கைபோட்டு நட. ஆனால், உன் தெருவிலும் ஒரு சாளரம் மூடிக் கிடக்கலாம். அங்கே மறுவாழ்வு பேச எவரேனும் முன்வந்தால், முதல் ஆளாய்ப் பக்கத்தில் நில்! அதற்கு நாணயம் சுண்டிப் பார்க்காதே!