மலிவு ஹோஸ்டிங் எடுக்கும் வியாபாரிகள் கவனத்திற்கு



அருப்புக்கோட்டையில் நாம் முப்பது வருடத்திற்கு மேலாக வற்றல், மல்லி, பயறு வகைகளில் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடிப் பக்கத்துக் கடைக்காரர்கள் காலையில் போனில் விலை கேட்டுத்தான் சரக்கு எடுப்பார்கள். ஒரே விலையை நாற்பது பேருக்குச் சொல்லித் தொண்டை கட்டுகிறதே என்று, வருடம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஷேர்டு ஹோஸ்டிங் எடுத்து, விலைப்பட்டியலை மட்டும் ஒரு பக்கமாகப் போட்டு வந்தோம். பிறகு ஆர்டரும் அதிலேயே வரட்டும் என்று நமது தம்பி மகன் புதிதாக எழுதினான்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை. பைதான் மொழியில், ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கை வைத்து எழுதியிருந்தான். அதற்கு ஏழெட்டு மாட்யூல்கள் வேண்டுமாம். ஹோஸ்டிங் கம்பெனியில் கேட்டால், "ஷேர்டில் அதெல்லாம் போட முடியாது, தனி சர்வர் எடுங்கள்" என்று, நாம் வருடத்திற்குக் கொடுக்கும் தொகையை மாதத்திற்குக் கேட்டார்கள்.

இந்த இழுபறியில் பத்து நாள் பழைய விலையே பக்கத்தில் நின்றுவிட்டது. முண்டு வற்றல் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். கமுதி வியாபாரி ஒருவர் அதில் கண்ட விலைக்கே பதினைந்து மூட்டை கேட்டார். கிலோவுக்கு எட்டு ரூபாய் நஷ்டத்தில் கொடுத்தோம். எழுதி வைத்த விலையும் நம் வாக்குதானே.

பிறகுதான் விஷயம் புரிந்தது. ஷேர்டு ஹோஸ்டிங் என்பது பெரிய கோடவுனில் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால்தான் வாடகை மலிவு. அங்கே சுவரை இடித்து மிஷின் போட யாரும் விடமாட்டார்கள். ஆனால் நம் மூலைக்குள் நம் தராசை வைத்துக்கொள்ளத் தடையில்லை. மாட்யூல்களும் அப்படியே. சர்வர் முழுமைக்கும் பொதுவாகப் போட அனுமதி கிடைக்காது; நமக்கு ஒதுக்கிய ஃபோல்டருக்குள் போட்டுக்கொள்ளலாம். பைதானில் அதற்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட் என்று பெயர். பெர்ல் மொழியில் லோக்கல் லிப். பிஎச்பி என்றால் கம்போசர் கொண்டு வீட்டிலேயே தயார் செய்து, வெண்டார் ஃபோல்டரை அப்படியே ஏற்றிவிடலாம். ஹோஸ்டிங்கில் பைதான் வசதி இருக்கவேண்டும் என்பது மட்டும் உண்மை. நமக்கு அது இருந்தும் போனில் பேசியவர் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் தகராறு செய்தது. டேட்டாபேஸோடு பேசும் மைஎஸ்கியூஎல்கிளையண்ட் என்ற மாட்யூலைச் சர்வரிலேயே கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. மலிவு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் அந்தக் கருவியைத் தரமாட்டார்கள். முழுதும் பைதானிலேயே எழுதிய பைமைஎஸ்கியூஎல்லை அதற்குப் பதில் போட்டான், வேலை முடிந்தது. நஷ்டப்பட்ட தொகையில் பல வருட வாடகை கட்டியிருக்கலாம் என்று வீட்டில் இன்னமும் பேச்சு.

ஆகவே, சைட் எழுதித் தருகிறவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்பே, "எங்கள் ஹோஸ்டிங்கில் இது ஓடுமா, எந்தெந்த மாட்யூல், எந்த வெர்ஷன்" என்று எழுதி வாங்குங்கள். ஓடும் நிலையில் உள்ள பிரதி ஒன்றை நம் கையில் வைத்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற மாட்யூலை எழுதியவர் திடீரென்று வாபஸ் வாங்கிக்கொண்டார். வெறும் 11 வரி. அதை நம்பியிருந்த பெரிய பெரிய நிறுவனங்களின் வேலையே சில மணி நேரம் நின்றது. நம் கடை எம்மாத்திரம்?

பிஎச்பியில் சைட் வைத்திருக்கும் உறுப்பினர்களும் வெர்ஷனைப் பார்த்துக்கொள்ளவும். 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. ஹோஸ்டிங் கம்பெனி பழையதை எடுத்துவிட்டால் ஒரு காலையில் சைட் வெள்ளைப் பக்கமாக நிற்கும். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். எழுதிக் கொடுத்த பையன் பெயரில் இருந்தால், கடை போர்டு அடுத்தவன் பெயரில் இருப்பது போல.

முதல் வருடம் மலிவாகக் கொடுத்து, புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பதும் நடக்கிறது. சங்கம் ஒரு மாலை ஒதுக்கினால் எல்லோருடைய ரசீதுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம். நம்முடையதை எடுத்து வருகிறோம்.

இப்போது நமது விலைப் பக்கத்தின் தலையில் தேதியும் நேரமும் தானாக விழுகின்றன. அன்றைய தேதி இல்லாவிட்டால் விலை செல்லாது என்று கீழே போட்டிருக்கிறோம். கமுதிக்காரர் அதைப் படித்துவிட்டுப் போன் செய்து சிரித்தார்.