இல்லாத ஊருக்கு பத்து லட்சம் யூரோ

ஜெர்மனியில் பீலெஃபெல்ட் என்றொரு ஊரே கிடையாது. 1994-ல் ஒரு கல்லூரி மாணவர் விளையாட்டாக எழுதிவைத்த கோட்பாடு இது. மூன்றே கேள்விகள்: அந்த ஊர்க்காரர் யாரையாவது தெரியுமா? நீங்கள் அங்கே போனதுண்டா? போன யாரையாவது தெரியுமா? எங்கள் வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் 'இல்லை'தான். யாராவது 'ஆமாம்' என்றால்? அவர் அந்த ஊர் இருப்பதாக நம்பவைக்கும் சதிகாரர்களின் ஆள்! எந்தப் பக்கம் போனாலும் தப்ப வழியில்லை. நிஜமான புரளிகளும் இப்படித்தான் பின்னப்படுகின்றன என்பதால் எனக்கு இந்த நையாண்டி மேல் தனி மோகம்.

உண்மையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம் பீலெஃபெல்ட். கால்பந்து அணிகூட உண்டு. 'எங்கள் ஊர் இருக்கிறது' என்று நகர நிர்வாகம் 1999-ல் அறிக்கை விட்டது. விட்ட நாள் ஏப்ரல் 1. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்த அதிகாரியைச் சந்திக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. 2012-ல் ஜெர்மனியின் அன்றைய சான்சலர் ஏங்கலா மெர்க்கலே, அங்கே கலந்துகொண்ட கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது, 'அப்படியோர் ஊர் இருந்தால்' என்று சேர்த்துக்கொண்டார்.

மறுப்பறிக்கை எழுதுகிற நம் அதிகாரிகளுக்கு 2019-ல் அந்நகரம் செய்ததைப் பாடமாக வைக்கலாம். ஊர் இல்லை என்று நிரூபிப்பவருக்கு பத்து லட்சம் யூரோ! இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் முயன்றார்கள். பரிசு யாருக்கும் போகவில்லை. கோட்பாட்டுக்கு நினைவுக்கல் ஒன்றை நட்டு, காரியம் முடித்துவிட்டார்கள்.